தள்ளுபடிக் கடை தரும் பாடங்கள்

சங்கப் பேரவைக் கூட்டங்களுக்குச் செல்லும்போதெல்லாம் அங்கத்தினர் என்னை வினவும் கேள்வி ஒன்றுண்டு. “நகரத்துப் பெருங்கடைகள் பாதி விலைக்குத் துணி விற்கின்றன, கூட்டம் அலைமோதுகின்றது. நம் சங்கத்து விற்பனைச் சாலையிலோ புடைவைகள் அடுக்கிலேயே கிடக்கின்றன. நாமும் பாதி விலைக்கு விற்றால் என்ன?” என்பதே அக்கேள்வி. கேட்பவர் நெசவாளர். தம் கையால் நெய்த புடைவை விலை போகாமல் கிடப்பதைக் காணப் பொறாதவர். ஆதலின் இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிடுதல் தகாது.

இதற்கு விடை கூற எனக்கு ஓரளவு தகுதி உண்டு. பட்டம் பெற்றபின், ஆய்வாளனாகப் பணியேற்பதற்கு முன், பதினான்கு திங்கள் ஒரு தள்ளுபடித் துணிக்கடையில் சம்பளத்திற்கு வேலை பார்த்தேன். அக்கடை இன்று இல்லை. அதன் பெயரையும் ஊரையும் இங்குக் கூறப்போவதில்லை. பெயர் நமக்குப் பயன்படாது, அது கெட்டவிதமே பயன்படும். கல்லூரியில் கற்ற வாணிபப் பாடங்களைவிட அங்கு நின்ற நாட்களில் கற்றவை மிகுதி. அவற்றுள் ஒன்று எனக்குப் பெருமை தருவதன்று. அதனையும் மறையாமல் கூறுகின்றேன்.

1. தள்ளுபடி என்பது யாது?

ஒரு பொருளின் விலை குறைகின்றதென்றால், குறைந்த அத்தொகையை எவரேனும் ஒருவர் ஏற்றாதல் வேண்டும். எவர் ஏற்கின்றார் என்று கேட்பதே தள்ளுபடியை அளக்கும் முறையாகும். இவ்வகையில் நோக்குங்கால் தள்ளுபடி மூன்று வகைப்படும்.

முதலாவது உண்மைத் தள்ளுபடி. வெளிநாட்டு வணிகர் ஒருவர் ஒப்பந்தத்தை நீக்கிவிட்டால், திருப்பூரில் தைத்து முடித்த பனியன் துணிகள் வாங்குவாரின்றி நிற்கும். அவற்றை ரொக்கம் கொடுத்து மொத்தமாக வாங்குபவர் குறைந்த விலைக்குப் பெறுவார். குறைந்த விலைக்கே விற்கவும் செய்வார். பருவம் கழிந்த ஆடைகள், அளவு குலைந்து ஒன்றிரண்டாக எஞ்சிய சட்டைகள், சிறு நெசவுப் பிழையுள்ள வேட்டிகள் ஆகியவையும் இவ்வகையில் அடங்கும். இங்கே குறையும் தொகைக்கு நேர்மையான காரணம் உண்டு. அக்காரணத்தை வாங்குவோரிடம் வெளிப்படையாகச் சொல்லவும் இயலும்.

இரண்டாவது போலித் தள்ளுபடி. 500 ரூபாய் பெறுமானமுள்ள புடைவைக்கு 1,000 ரூபாய் என்று சீட்டு ஒட்டி, அதன்மேல் “50 சதவிகிதம் தள்ளுபடி” என்று எழுதுவது. இங்கே எவரும் எதையும் ஏற்கவில்லை. வாங்குபவர் ஏமாற்றப்படுகின்றார், அவ்வளவே.

மூன்றாவதே மிகக் கொடியது. இதில் விலை உண்மையாகவே குறைகின்றது. ஆனால் குறைந்த தொகை சரக்களித்தவரின் நிலுவையிலிருந்தும், கடையில் நிற்கும் சிப்பந்தியின் சம்பளத்திலிருந்தும் எடுக்கப்படுகின்றது. வாங்குபவர் மகிழ்ந்து செல்கின்றார். அவர் சேமித்த நூறு ரூபாய் எவருடைய அடுப்பிலிருந்து வந்தது என்பதை அவர் அறியார்.

நான் பணியாற்றிய கடை முதல்வகையாகத் தொடங்கி, இரண்டாவதாக மாறி, மூன்றாவதாக முடிந்தது.

2. நான் கண்ட கடை

மூன்று தளங்கள் கொண்ட கட்டிடம். கீழே புடைவை, நடுவில் ஆடவர் ஆடை, மேலே சிறுவர் ஆடை. காலை ஒன்பதரை மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்குச் சாத்துவோம். ஐப்பசித் திங்களில் பதினொன்றும் ஆகும். சூரத்திலிருந்து செயற்கை இழைப் புடைவைகளும், திருப்பூரிலிருந்து பனியன் ஆடைகளும், ஈரோட்டுச் சந்தையிலிருந்து லுங்கிகளும் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். பாதி நாள் கணக்கு எழுதுவதும் பாதி நாள் விற்பனையில் நிற்பதும் என் வேலை.

முதற்குறை கட்டுகள் வந்த முறையிலேயே இருந்தது. எத்தனை உருப்படி, என்ன ரகம் என்ற விவரம் பல கட்டுகளுக்கு இராது. பட்டியலில் “கலப்பு ரகம்” என்று மட்டும் கண்டிருக்கும். அவிழ்த்து எண்ணி வரவு வைக்க ஆள் இல்லை. மாலை விற்பனைக்கு வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். புதுச் சரக்குக்குரிய விலைச்சீட்டு அச்சாகி வராதபோது, “அதே விலையுள்ள வேறு ரகத்தின் சீட்டை ஒட்டி விடுங்கள்” என்று மேற்பார்வையாளர் கட்டளையிடுவார். வாடிக்கையாளரைப் பொறுத்தவரை இதனால் தீங்கில்லை. கொடுக்கும் தொகை ஒன்றே. கணக்கைப் பொறுத்தவரை இது நஞ்சு. விற்றது ஒரு ரகம். கணினியில் கழிந்தது மற்றொரு ரகம். ஏட்டில் ஒன்று குறையும், மற்றொன்று மிகும். அலமாரியில் உள்ளதற்கும் ஏட்டில் உள்ளதற்கும் இருந்த உறவு நாளுக்கு நாள் அறுந்துபோயிற்று.

இரண்டாவது குறை நிர்வாகத்தில் இருந்தது. பதினான்கு திங்களில் நான்கு மேலாளர்கள் வந்து சென்றனர். ஒருவர் புடைவைகளை விலைவாரியாக அடுக்கச் சொன்னார். அடுத்தவர் நிறவாரியாக மாற்றச் சொன்னார். மூன்றாமவர் பழையன யாவும் முன்னே, புதியன பின்னே என்றார். நான்காமவர் அதைத் தலைகீழாக்கினார். ஒவ்வொரு மாற்றமும் கடை சாத்தியபின் இரவில் நிகழும். அதற்குத் தனிக்கூலி கிடையாது. சென்ற வாரம் பார்த்த புடைவையைக் கேட்டு வரும் அம்மையாருக்கு அதை எடுத்துக் காட்ட எங்களால் இயலாது. தேடிக் களைத்து, “விற்றுப் போயிற்று” என்று பொய் சொல்லக் கற்றுக்கொண்டோம்.

மூன்றாவது குறை விலையில் இருந்தது. விற்பனை குறைந்தால் மேலாளர் அறிந்த மருந்து ஒன்றே, தள்ளுபடியை உயர்த்துவது. 20 சதவிகிதம் 30 ஆயிற்று, 30 பின் 50 ஆயிற்று. சீட்டின்மேல் சீட்டு ஒட்டி, மூன்றாம் சீட்டை உரித்தால் முதற்சீட்டு தெரியும் நிலை வந்தது. உரித்துப் பார்த்த வாடிக்கையாளர்கள் சிலர் முதற்சீட்டில் இருந்த விலை தள்ளுபடி விலையினும் குறைவு என்பதைக் கண்டு எங்களை ஏசினர். ஏசப்பட்டவர் சீட்டை ஒட்டச் சொன்னவர் அல்லர், எதிரே நின்றவர்.

3. ஒரு குறைவுப் பட்டியல்

புடைவைத் தளத்தில் நாற்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் வேலை பார்த்து வந்தார். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். தறி நின்றுபோனபின் பிழைப்புக்காக நகரம் வந்தவர். நூலைத் தொட்டதும் எத்தனையாம் எண் நூல் என்று சொல்லக்கூடியவர். நான் அவரை அக்கா என்று அழைப்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். அவருடைய திங்கட் சம்பளம் 6,500 ரூபாய்.

தீபாவளி விற்பனை முடிந்தபின் கார்த்திகைத் திங்களில் இருப்பு எண்ணப்பட்டது. அவர் பொறுப்பிலிருந்த அலமாரியில் ரூ. 499 விலையுள்ள புடைவைகளில் 11 குறைந்தன. அதே வேளையில், வேறு இரண்டு ரகங்களில் ஏட்டில் உள்ளதைவிட உருப்படிகள் மிகுந்திருந்தன. இதை மேலாளரிடம் கூறினேன். “குறைவை மட்டும் எழுதுங்கள், மிகையை எழுத வேண்டா” என்றார் அவர். எழுதினேன். 11 புடைவைக்கு ரூ. 5,489 என்று கணக்கிட்டுப் பட்டியலின் அடியில் ஒப்பமும் இட்டேன்.

அன்று மாலை அவ்வம்மையார் என்னிடம் வந்தார். “தம்பி, நீங்கள் படித்தவர். இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். புடைவை எங்கும் போயிராது” என்றார். மறுமுறை எண்ணுவதற்கு அரை நாள் போதும். ஆனால் மேலாளரிடம் சென்று அந்த அரை நாளைக் கேட்க எனக்குத் துணிவில்லை. என் வேலையும் அப்போது உறுதிப்படாதது. கணக்கு முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு தவணைகளில் அத்தொகை அவர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. தை பிறப்பதற்கு முன் அவர் வேலையை விட்டு நீங்கினார்.

மாசித் திங்களில் கிடங்கைக் காலி செய்யும்போது ஒரு கட்டு அகப்பட்டது. அதனுள் அந்த 11 புடைவைகளும் வேறொரு ரகத்தின் சீட்டுடன் மடிப்புக் குலையாமல் இருந்தன. மேலாளர் மாறியிருந்தார். புதியவரிடம் கூறினேன், “பழைய கணக்கைக் கிளற வேண்டா” என்றார். மீண்டும் வாய் திறந்தேனில்லை.

அதன்பின் சில திங்களில் கடை சாத்தப்பட்டது. கடைசி இரு திங்கட் சம்பளம் எங்களில் எவருக்கும் வரவில்லை. சரக்களித்த சிறு விசைத்தறி உரிமையாளர் சிலர் வாயிலில் வந்து நின்று, கையில் கிடைத்த துணியைத் தூக்கிச் சென்றனர். என் சம்பளம் போனது பற்றி இன்று எனக்கு வருத்தமில்லை. அந்த ரூ. 5,489 மட்டும் என் கணக்கில் பற்றாகவே நிற்கின்றது.

இதனைச் சட்டத்தோடு ஒப்பிட்டு நோக்குவோம். 1936 ஆம் ஆண்டுக் கூலிப் பட்டுவாடாச் சட்டத்திலும், அதற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2019 ஆம் ஆண்டுக் கூலிச் சட்டத் தொகுப்பிலும் நெறி ஒன்றே. பொருள் இழப்புக்காகக் கூலியில் பிடித்தம் செய்ய வேண்டுமாயின், அவ்விழப்பு அப்பணியாளரின் கவனக்குறைவால் நேர்ந்ததென்பது தெளிவாதல் வேண்டும். தம் நிலையை எடுத்துரைக்க அவருக்கு வாய்ப்பளித்தல் வேண்டும். பிடிக்கும் தொகை இழப்பின் மதிப்பை மிஞ்சுதல் ஆகாது. தண்டத் தொகையாயின் அக்காலத்துக் கூலியில் நூற்றுக்கு 3 பங்குக்கு மேற்படலாகாது. அன்று எங்கள் கடையில் இவற்றை அறிந்தவர் எவரும் இலர். சட்டத்தை அறியாதவனின் ஒப்பம் பிறர் கூலியைப் பறிக்கப் போதுமானதாயிற்று.

4. பாஸ்டன் நகரத்து நிலவறைக் கடை

தள்ளுபடிக் கடை என்றாலே தீயது என்று எண்ணிவிடுதலும் பிழை. நன்கு நடத்தப்பட்ட தள்ளுபடிக் கடை ஒன்றன் வரலாறு கூட்டுறவாளர்க்கு இருவகையில் உரியது.

அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் வில்லியம் ஃபைலீன் என்பார் 1881 இல் ஒரு கடையை நிறுவினார். அவருடைய மகன் எட்வர்டு ஃபைலீன், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடியும் தறுவாயில், அக்கடையின் நிலவறையில் ஒரு தள்ளுபடிப் பிரிவைத் தொடங்கினார். அதன் விதி எளியது. ஒவ்வோர் ஆடையின் சீட்டிலும் அது விற்பனைக்கு வந்த நாள் குறிக்கப்படும். விற்பனை நாட்கள் 12 கழிந்தும் விற்காவிடின் விலையில் 25 சதவிகிதம் தானாகவே குறையும். 18 நாள் கழிந்தால் 50 சதவிகிதம். 24 நாள் கழிந்தால் 75 சதவிகிதம். 30 நாளிலும் விற்காத பொருள் அறநிலையங்களுக்கு இலவசமாக அளிக்கப்படும்.

தொடக்கத்தில் சில ஆண்டுகள் அப்பிரிவு நட்டத்தில் இயங்கிற்று. பின்னர் மக்கள் விதியை நம்பினர், கடை நிலைபெற்றது. எங்கள் மேலாளர்களும் விலையைக் குறைத்தார்கள், ஃபைலீனும் குறைத்தார். வேறுபாடு யாதெனின், எங்கள் கடையில் அது மேலாளரின் அச்சத்தைப் பொறுத்தது. பாஸ்டனில் அது நாட்காட்டியைப் பொறுத்தது. வாங்குபவர், விற்பவர், உரிமையாளர் ஆகிய மூவரும் ஒரே விதியைச் சீட்டிலேயே படிக்கலாம்.

அக்கடையின் சிப்பந்திகள் அமைத்த சங்கத்திற்குக் கடை விதிகளை மாற்றக் கோரி வாக்களிக்கவும், பணியாளரின் முறையீடுகளை விசாரித்துத் தீர்ப்பளிக்கவும் அதிகாரம் தரப்பட்டிருந்தது. என் அக்காவின் பட்டியல் அத்தகைய குழுவின்முன் சென்றிருக்குமாயின் அரை நாள் மறு எண்ணிக்கை கட்டாயம் கிடைத்திருக்கும்.

கூட்டுறவாளர் அறிய வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904 இல் பிறந்தது. 1907 இல் உலகப் பயணம் மேற்கொண்ட ஃபைலீன், இந்தியாவிற்கு வந்தபோது, வங்காளத்தில் கூட்டுறவுப் பதிவாளராயிருந்த கூர்லே என்பவரைச் சந்தித்து, சிற்றூர்க் கடன் சங்கங்களின் இயக்கத்தைக் கண்டறிந்தார். தம் நாடு திரும்பியபின் கடன் சங்க இயக்கத்திற்குப் பெருந்துணை புரிந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1909 இல் அதற்கான சட்டம் இயற்றப்பட்டது. 1934 இல் நாடு முழுமைக்குமான சட்டமும் வந்தது. நம் உழவர்கள் நடத்திய சிறு சங்கங்களைக் கண்ட ஒரு துணிக்கடைக்காரர், கடல் கடந்து அவ்விதையை ஊன்றினார் என்பது நினைவில் நிறுத்தத் தக்கது.

ஆயினும் இவ்வரலாற்றின் முடிவையும் மறைத்தல் கூடாது. கடையின் உரிமையைச் சிப்பந்திகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எட்வர்டு விரும்பினார். அவர் தம்பியும் ஏனைய பங்காளிகளும் இசையவில்லை. 1928 இல் நிர்வாகம் அவர் கையைவிட்டு நீங்கிற்று. 1937 இல் அவர் மறைந்தார். பிற்காலத்தில் நிலவறைக் கடை தனி நிறுவனமாகிப் பல நகரங்களில் கிளைகள் திறந்தது. ஆனால் சீட்டில் நாள் குறித்துத் தானாக விலை குறைக்கும் பழைய முறை பாஸ்டன் கடையோடு நின்றது. கிளைகளுக்குப் பெயர் மட்டும் சென்றது, விதி செல்லவில்லை. 1999, 2009, 2011 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அந்நிறுவனம் நொடிப்பு நிலையை அறிவித்து நீதிமன்றம் ஏறியது. உரிமையாளர்கள் மாறி மாறி வந்தனர். 2011 ஆம் ஆண்டின் இறுதியில் கடைகள் யாவும் மூடப்பட்டன.

5. பேரேட்டில் அழுகும் புடைவை

தக்காளி விளைவிக்கும் அங்கத்தினர்க்கு ஒன்றைச் சொல்ல வேண்டியதில்லை. இன்று விற்காத கூடை நாளை பாதி விலை, மறுநாள் குப்பை. நாற்றமே அவருக்கு எச்சரிக்கை. புடைவையும் அழுகும், ஆனால் அதற்கு நாற்றமில்லை. மடிப்பில் நிறம் வெளுக்கும். கரை வடிவம் பழையதாகும். அலமாரியில் பார்ப்பதற்கு மட்டும் புதியது போன்றே இருக்கும். அது அழுகுமிடம் பேரேடு.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் காண்போம். ஒரு சங்கம் 100 புடைவைகளை, ஒன்றுக்கு 800 ரூபாய் அடக்கத்தில் உற்பத்தி செய்கின்றது எனக் கொள்வோம். மொத்த அடக்கம் ரூ. 80,000. விலை ஒன்றுக்கு 1,000 ரூபாய். ஆண்டு முடிவில் 60 விற்று ரூ. 60,000 வந்தது, 40 எஞ்சின. எஞ்சியவற்றை அடக்க விலையில் ரூ. 32,000 என்று ஏட்டில் எழுதினால், ரூ. 12,000 இலாபம் என்று கணக்குக் காட்டும். சங்கம் அதனைப் பங்கு ஈவாகவும் போனசாகவும் பிரித்தளிக்கின்றது.

மூன்றாண்டு கழித்து, சாயம் வெளுத்த அந்த 40 புடைவைகளும் ஒன்று 500 ரூபாய் வீதம் ரூ. 20,000 க்கு விற்கின்றன. மொத்த வரவு ரூ. 80,000, அடக்கமும் ரூ. 80,000. அஃதாவது இலாபமே இல்லை. அன்று பிரித்தளித்த ரூ. 12,000 இலாபமன்று, சங்கத்தின் முதல். அடுத்த பாவுக்கு நூல் வாங்க வேண்டிய பணத்தை நாமே உண்டுவிட்டோம்.

இதையே முதலாண்டிலேயே 20 சதவிகிதம் குறைத்து 800 ரூபாய்க்கு விற்றிருந்தால் ரூ. 32,000 வந்திருக்கும்; ரூ. 12,000 இலாபமும் மெய்யாகியிருக்கும். காலத்தில் செய்யும் சிறு குறைப்பு முதலைக் காக்கும். காலம் கடந்து செய்யும் பெருந்தள்ளுபடி முதலை விழுங்கும். ஆதலின் எஞ்சிய சரக்கை அடக்க விலை, சந்தையில் கிடைக்கக்கூடிய விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதன்படியே மதிப்பிடுதல் வேண்டும் என்பது கணக்கியல் விதி. இலாபம் குறைந்து தோன்றுமே என்று அஞ்சி இவ்விதியைக் கைவிடும் நிர்வாகக் குழு, நோயை மறைக்கும் நோயாளியை ஒக்கும்.

6. நிற்பவரின் கால்கள்

எங்கள் கடையில் சிப்பந்திகள் அமர்தல் கூடாது என்பது விதி. வாடிக்கையாளர் இல்லாத பிற்பகலிலும் நின்றே ஆக வேண்டும். பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டனர். ஏனெனில் மூன்று தளத்திற்கும் கழிப்பறை ஒன்றே, அதற்கும் அனுமதி வேண்டும். மாலையில் கால் வீங்கியவர் புடைவையை விரித்துக் காட்டும் முகத்தில் மலர்ச்சி எங்ஙனம் இருக்கும்?

இந்நிலையை எதிர்த்து முதலிற் குரல் எழுப்பியோருள் கேரளத்துக் கோழிக்கோட்டுக் கடைப் பெண் பணியாளர் குறிப்பிடத்தக்கவர். அவர்கள் போன்றோரின் இடைவிடா முயற்சியால் கேரள அரசு 2018 இல் சட்டத்தைத் திருத்திற்று. தமிழ்நாட்டில் 1947 ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021 இல் திருத்தப்பட்டு, பணிநேரத்தில் வாய்ப்பு நேரும்போது அமர்வதற்கு ஏற்ற இருக்கை வசதி எல்லாப் பணியாளர்க்கும் அளிக்கப்பட வேண்டும் என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. தனியார் கடைகளைக் குறை கூறுமுன், நம் சங்கத்து விற்பனைச் சாலையில் ஒரு முக்காலியேனும் உண்டா என்று பார்த்துக்கொள்வது நலம்.

7. கற்ற பாடம் பயன்பட்ட ஒரு நாள்

சென்ற ஆண்டு ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில், விற்பனைச் சாலையில் 42 லுங்கிகள் குறைகின்றன என்றும், அவற்றின் மதிப்பை விற்பனையாளரின் சம்பளத்தில் பிடிக்க வேண்டும் என்றும் தீர்மானம் எழுதி ஆயத்தமாக வைத்திருந்தனர். விற்பனையாளர் ஓர் இளைஞர். ஒன்றும் பேசாமல் சுவரோரம் நின்றார். தீர்மானத்தை ஒத்திவைக்கச் சொல்லி, அரை நாள் கேட்டேன். செயலாளருக்கு அது உவப்பாயில்லை, எனினும் இசைந்தார்.

வரவுச் சீட்டுகளையும் அனுப்புகைச் சீட்டுகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். கண்காட்சி ஒன்றுக்கு 120 லுங்கிகள் அனுப்பப்பட்டு, 78 விற்று, 42 திரும்பி வந்திருந்தன. திரும்பியதாக விற்பனைச் சாலையின் ஏட்டில் வரவு வைக்கப்பட்டிருந்தது; கட்டோ விற்பனைச் சாலைக்கு வராமல் சங்க அலுவலகப் பரணிலேயே கிடந்தது. ஏணி வைத்து அதை இறக்கியபோது கட்டின் முடிச்சுகூட அவிழ்க்கப்படவில்லை. தீர்மானம் கிழிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் நான் கேட்கத் துணியாத அரை நாள் அதுவே.

அதே சாலையில் தேங்கிக் கிடந்த பழம் புடைவைகளையும் நிர்வாகக் குழுவினர் நாள்வாரியாகப் பிரித்தனர். விலையைப் படிப்படியாகக் குறைப்பதென முடிவு செய்து, குறைப்பின் காரணத்தைப் பலகையில் எழுதி வைத்தனர். பொங்கலுக்குள் பெரும்பகுதி விற்றது. சங்கத்திற்கு அதில் நட்டமே. ஆயினும் அது தெரிந்த நட்டம். ஏட்டில் ஒளிந்திருந்த நட்டமன்று.

8. நம் சங்கங்கள் கைக்கொள்ள வேண்டிய நெறிகள்

(1) எண்ணாமல் எந்தக் கட்டையும் வரவு வைக்கலாகாது. ஒரு ரகத்தின் சீட்டை மற்றொரு ரகத்திற்கு ஒருபோதும் ஒட்டலாகாது.

(2) ஒவ்வோர் உருப்படியின் சீட்டிலும் அது விற்பனைக்கு வந்த நாளைக் குறித்தல் வேண்டும்.

(3) எத்தனை நாளில் எவ்வளவு குறைப்பது என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே தீர்மானித்து, வாங்குவோர் காணும்படி எழுதி வைத்தல் வேண்டும். தள்ளுபடிக்காக விலையை முன்கூட்டி உயர்த்தலாகாது.

(4) திங்கள்தோறும் ஏதேனும் ஓர் அலமாரியையாவது எண்ணிச் சரிபார்த்தல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை எண்ணுபவர் பிழையைக் காண்பார். அது பிறந்த இடத்தைக் காணார்.

(5) குறைவை எழுதும் பட்டியலில் மிகையையும் எழுதுதல் வேண்டும். மறு எண்ணிக்கையின்றியும், பணியாளரின் விளக்கத்தைக் கேளாமலும் எப்பிடித்தமும் செய்யலாகாது.

(6) தள்ளுபடியின் சுமை நெசவாளரின் கூலிமேலும், விற்பனையாளரின் சம்பளத்தின்மேலும் ஏறலாகாது. கூலி கொடுத்தபின் எஞ்சுவதில் குறைக்க இயலுமாயின் குறைக்கலாம். இயலாதாயின் அடுத்த பாவில் ரகத்தை மாற்றுதல் வேண்டும்.

(7) எது விற்கின்றது, எது விற்கவில்லை, வாங்க வந்தவர் என்ன கேட்டுத் திரும்பினார் என்பதை விற்பனையாளர் நாள்தோறும் எழுதி, அது நெசவாளர் கூட்டத்தில் படிக்கப்படுதல் வேண்டும்.

முதலில் எழுந்த கேள்விக்கு இப்போது விடை கூறலாம். பாதி விலைக்கு நாமும் விற்கலாமா? பாதி விலைக்கு விற்க நேரும் நிலையை வரவிடாமல் காப்பதே நம் வேலை. 1844 இல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில் கடை திறந்த முன்னோடிகளுள் நெசவாளரும் இருந்தனர் என்பதை நாம் அறிவோம். கலப்படமற்ற பொருள், சரியான நிறை, ரொக்க விற்பனை என்பவற்றைக்கொண்டே அவர்கள் கடை நிலைபெற்றது. நம் புடைவையின் விலைச்சீட்டும் அத்தகைய மெய்யுரையாக இருக்குமாயின், வாங்குபவர் வருவர். மெதுவாகவே வருவர், ஆனால் வந்தவர் மீண்டும் வருவர்.

கல்வி வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. உங்கள் சங்கத்து விற்பனைச் சாலையில் ஓராண்டுக்கு மேற்பட்ட சரக்கு எவ்வளவு? அது ஏட்டில் எவ்விலைக்கு மதிப்பிடப்பட்டுள்ளது? இன்று சந்தையில் என்ன பெறும்?

2. ஒரு சங்கம் 50 வேட்டிகளை 300 ரூபாய் அடக்கத்தில் உற்பத்தி செய்து, 30 வேட்டிகளை 400 ரூபாய் வீதம் விற்றது. எஞ்சியவை 200 ரூபாய் வீதமே விலை போகும் நிலையில் உள்ளன. அவ்வாண்டின் உண்மை இலாபம் எவ்வளவு? அடக்க விலையில் மதிப்பிட்டால் எவ்வளவு தோன்றும்?

3. இறுதியாக உங்கள் சங்கத்தில் எவர் சம்பளத்திலேனும் குறைவுக்காகப் பிடித்தம் செய்யப்பட்டதா? அப்போது மறு எண்ணிக்கை நடந்ததா? பணியாளரின் விளக்கம் எழுத்தில் உள்ளதா?

4. விளைபொருள் விற்கும் சங்கங்களில், விலை குறைக்கும் வேளையை முடிவு செய்பவர் யார்? அம்முடிவு எவ்வளவு விரைவில் எடுக்கப்படுகின்றது?

5. உங்கள் விற்பனையாளர் பணிநேரத்தில் அமர இருக்கை உண்டா? இல்லையெனில் அடுத்த கூட்டத்திற்குள் வாங்கிவிட இயலுமா?

மூன்றாம் வினாவிற்கு “ஆம், பிடித்தம் செய்யப்பட்டது, மறு எண்ணிக்கை நடக்கவில்லை” என்பது விடையாயின், அன்புகூர்ந்து அந்த ஏட்டை இன்றே திறந்து பாருங்கள். பரணையும் ஒருமுறை பாருங்கள். கணக்கு முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள்.